ரப்பரா, பாலியூரித்தேனா? கரடுமுரடான பாதையில் ஓடும் வாகனத்துக்கு எஞ்சின் மவுண்டிங் தேர்ந்தெடுக்கும் முறை

லோ ரேஞ்சில், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கூடுதல் கியர் நிலையில், முதல் கியரைப் போட்டுப் பாறை மேட்டில் ஏறும்போது பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு தட்டல் கேட்டால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது சஸ்பென்ஷனைத்தான். நானும் அப்படித்தான் சந்தேகித்தேன். ஷாக் அப்சார்பர் புஷ்களை மாற்றிய பிறகும் தட்டல் நிற்கவில்லை. கடைசியில் மரக்கட்டை வைத்து எஞ்சினை ஜாக்கியால் மெல்லத் தூக்கிப் பார்த்தபோது, வெளியிலிருந்து பார்க்கக் கறுப்பாக, முழுதாக, எந்தக் குறையும் இல்லாததுபோல் இருந்த இடப்பக்க மவுண்டிங் (எஞ்சினைச் சேஸிஸோடு, அதாவது வாகனத்தின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் ரப்பர் தாங்கி), இரும்புத் தகட்டை விட்டு வாய் பிளந்தது. உள்ளே ரப்பர் என்றோ பிரிந்துபோய், பிரிந்த முகங்கள் இரண்டும் உரசி உரசி மழமழப்பாகியிருந்தன. எஞ்சின் தன் எடையால் மட்டுமே அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

அப்போது எழுந்த கேள்வி இதுதான்: அதே ரப்பரை வாங்கிப் போடுவதா, கெட்டியான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனுக்கு மாறுவதா? இந்த இரண்டில் எது உறுதியானது என்று கேட்டால் பாலியூரித்தேன் என்றுதான் பதில் வரும். ஆனால் அந்தப் பதிலை நம்பிப் பணம் செலவழித்தவர்களில் பலர், சில வாரங்களில் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்குவதைத் தாங்க முடியாமல் திரும்ப ரப்பருக்கே வந்திருக்கிறார்கள். மவுண்டிங் எந்தத் திசையில் எத்தனை மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அதை அளந்து தெரிந்துகொள்ளலாம், கணக்கிட்டும் தெரிந்துகொள்ளலாம். அதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: மவுண்டிங்கின்மேல் விழும் விசையைக் கணக்கிடுங்கள்

மவுண்டிங் மூன்று வேலைகளைச் செய்கிறது. எஞ்சினின் எடையைத் தாங்குகிறது. எஞ்சின் சக்கரங்களைத் திருப்பும்போது தானே எதிர்த்திசையில் உருளாதபடி பிடித்து நிறுத்துகிறது. எஞ்சினின் அதிர்வு சேஸிஸுக்குப் போகாமல் தடுக்கிறது. சாலையில் ஓடும் காருக்கு முதலாவதும் மூன்றாவதும் முக்கியம். பாறையிலும் சேற்றிலும் ஏறும் வாகனத்துக்கு இரண்டாவதுதான் சோதனை. அதன் அளவைப் பலர் உணர்வதில்லை.

எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்பும், லோ ரேஞ்ச் அமைந்திருக்கும் பெட்டி) மூன்றும் ஒன்றோடொன்று போல்ட் செய்யப்பட்டு ஒரே உடலாக இருக்கும் வாகனத்தை எடுத்துக்கொள்வோம். இந்த உடலிலிருந்து, சக்கரங்களை நோக்கி விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்டுகள் வழியாக வெளியேறும் முறுக்குவிசை எவ்வளவோ, அவ்வளவு விசை எதிர்த்திசையில் இந்த உடலின்மீது திரும்பி விழும். எஞ்சின் தரும் முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் 4, லோ ரேஞ்சின் விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், வெளியேறுவது 2,500 நியூட்டன் மீட்டர். முன்பக்க மவுண்டிங்குகள் இரண்டுக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால், ஒன்றை மேலே தூக்கவும் மற்றொன்றைக் கீழே அழுத்தவும் 5,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான விசை செயல்படுகிறது. அமைதியாக நிற்கும்போது ஒவ்வொரு முன் மவுண்டிங்கும் சுமப்பது ஏறத்தாழ 100 கிலோ என்றால், ஏற்றத்தில் ஒரு பக்கம் 600 கிலோவாக அழுந்துகிறது. மறுபக்கம் 400 கிலோ அளவுக்கு இழுபட்டுக் கிழியப் பார்க்கிறது. ஹை ரேஞ்சில் மேல் கியர்களில் ஓடும்போது இந்த இழுப்பு வருவதேயில்லை.

இது மேல் எல்லைதான். பல நேரங்களில் அவ்வளவு முறுக்குவிசை வருமுன்பே டயர் வழுக்கிவிடும். ஆனால் வழுக்கிச் சுழன்றுகொண்டிருந்த டயர் திடீரெனப் பாறையைப் பற்றும் நொடியில், சுழலும் ஃபிளைவீலின் ஆற்றலும் சேர்ந்து மவுண்டிங்கை உலுக்குகிறது. மவுண்டிங் கிழிவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

எந்தப் பக்கம் இழுபடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களின் கிராங்க் ஷாஃப்ட், முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளின் திசையில் சுற்றுகிறது. ஆகவே நீளவாக்கில் வைக்கப்பட்ட எஞ்சின் முன்னோக்கிய கியரில் இழுக்கும்போது அதன் இடப்பக்கம் மேலெழும்பும். அந்தப் பக்கத்து ரப்பர்தான் முதலில் பிரியும். ரிவர்ஸ் கியரில் லோ ரேஞ்சில் மேடேறினால் சுமை அப்படியே பக்கம் மாறுகிறது. பின்னோக்கி ஏறி மீட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் வலப்பக்கத்தையும் விடாமல் பார்க்க வேண்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக, தனக்கென்று மவுண்டிங்குகளோடு சேஸிஸில் தொங்கும் வாகனங்களும் உண்டு. சுசுகி ஜிம்னி வகை வாகனங்களும் லாடா நீவாவும் இப்படிப்பட்டவை. இவற்றில் லோ ரேஞ்சின் பெருக்கம் டிரான்ஸ்ஃபர் கேஸ் மவுண்டிங்குகளின் தலையில் விழுகிறது. எஞ்சின் மவுண்டிங்குக்கு வருவது கியர்பாக்ஸ் வரையிலான பெருக்கம் மட்டுமே. இத்தகைய வாகனத்தில் எஞ்சின் மவுண்டிங்கைக் கெட்டியாக்கிவிட்டு டிரான்ஸ்ஃபர் கேஸின் சிறிய ரப்பர்களைக் கவனிக்காமல் விடுவது நோயை விட்டு நிழலுக்கு மருந்து கொடுப்பதாகும்.

இரண்டாம் படி: இப்போது இருப்பதை அளந்து பாருங்கள்

பழைய, தளர்ந்த, பாதி பிரிந்த ரப்பரோடு புதிய பாலியூரித்தேனை ஒப்பிட்டு "எவ்வளவு வித்தியாசம்!" என்று வியப்பவர்கள் உண்டு. அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி புதிய ரப்பரிலேயே கிடைத்திருக்கும். எனவே இப்போதுள்ள மவுண்டிங்கின் நிலையை அறியாமல் எதையும் வாங்கக் கூடாது.

பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் விளிம்பில் அகலமான மரக்கட்டையை வைத்து, ஜாக்கியால் எஞ்சினைத் தூக்கும் பாவனையில் மட்டும் அழுத்துங்கள். சம்ப்பின் நடுவில் உள்ள மெல்லிய தகட்டை அழுத்தினால் அது உள்வாங்கி, ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்துவிடக்கூடும். எஞ்சின் சில மில்லிமீட்டர் எழும்போது ரப்பர் நீள்கிறதா, அல்லது இரும்பை விட்டுப் பிரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு எஞ்சின் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் நெம்புகோலைக் கொடுத்துப் பக்கவாட்டில் அசையுங்கள். மேற்பரப்பில் காணும் மெல்லிய வெடிப்புகள் வயதைத்தான் காட்டுகின்றன. இரும்பும் ரப்பரும் சேரும் கோட்டில் காணும் பிரிவே ஆபத்தானது.

உங்கள் வாகனத்தில் ஹைட்ராலிக் மவுண்டிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் உள்ளே கிளைக்கால் கலந்த திரவம் ஒரு குறுகிய பாதை வழியே மேலும் கீழும் ஓடி அசைவைத் தணிக்கிறது. வெளியில் கறுப்பான ஈரம் வடிந்திருந்தால் அந்த மவுண்டிங் முடிந்தது. இதற்குப் பதிலாகத் திடமான பாலியூரித்தேனைப் போடும்போது ஏற்படும் மாற்றம், சாதாரண ரப்பரிலிருந்து மாறும்போது ஏற்படுவதைவிட மிகப் பெரியதாக இருக்கும் என்பதை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எஞ்சின் எவ்வளவு உருளுகிறது என்று அளக்க வேண்டும். நான் செய்யும் முறை எளியது. ஒரு மார்க்கர் பேனாவை எஞ்சின் மேற்பகுதியில் உள்ள ஏதாவதொரு பிராக்கெட்டில் இறுக்கமாகக் கட்டிவிட்டு, அதன் நுனி லேசாகத் தொடும்படி ஒரு வெள்ளை அட்டையை உடற்பகுதியில் ஒட்டிவிடுவேன். ஃபேனும் பெல்ட்டும் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டுவது முக்கியம். நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சை எஞ்சின் திணறும் வரை மெல்ல விட்டு மீண்டும் அழுத்த வேண்டும். பிறகு ரிவர்ஸிலும் அதையே செய்ய வேண்டும். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்தியபடி ஓரிரு நொடி மட்டும் ஆக்சிலரேட்டரைத் தொட்டால் போதும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்கக் கூடாது. முடிந்ததும் அட்டையில் ஒரு கோடு இருக்கும். நடுவிலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக நீண்டிருந்தால் மவுண்டிங்குகள் ஒரே நிலையில் உள்ளன. ஒரு பக்கம் மட்டும் நீண்டு, முனையில் சிறு கொக்கிபோல் வளைந்திருந்தால், அந்தப் பக்கத்து மவுண்டிங் எஞ்சினை விட்டுவிட்டு, பிறகு எதிலோ போய் முட்டி நிற்கிறது என்று பொருள். அந்த அட்டையின்மேல் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

எங்கே இடிக்கிறது என்று அறியப் பிள்ளைகள் பொம்மை செய்யும் வண்ணக் களிமண் போதும். எஞ்சினுக்கு நெருக்கமாக உள்ள இடங்களில், அதாவது ஸ்டியரிங் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் குழாய் சேஸிஸைக் கடக்குமிடம், முன் டிஃபரன்ஷியலுக்கு மேலே உள்ள சம்ப்பின் அடிப்பகுதி, ஃபேனைச் சுற்றியுள்ள உறையின் உள்விளிம்பு ஆகியவற்றில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சிறு உருண்டைகளாக ஒட்டுங்கள். ஒரு நாள் கடினமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து, எந்த உருண்டை எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்தால், மிச்சமிருக்கும் இடைவெளி தெரிந்துவிடும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃபேன் உள்ள வாகனங்களில் இந்த அளவு மிகவும் முக்கியமானது. ரேடியேட்டர் சேஸிஸில் நிற்கிறது, ஃபேன் எஞ்சினோடு நகர்கிறது, செங்குத்தான இறக்கத்தில் பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முழுவதும் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ஃபேன் நுனிக்கு அருகில் இருக்கும் இடைவெளியில் பாதிக்கு மேல் எஞ்சினின் அசைவு தின்றுவிட்டால், ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

மூன்றாம் படி: கெட்டித்தன்மையை அதிர்வெண்ணோடு பொருத்திப் பாருங்கள்

தேர்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் கணக்கு வரும்; ஆனால் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால் விளம்பரங்களை நம்ப வேண்டிய தேவை இருக்காது.

ரப்பர், பாலியூரித்தேன் இரண்டின் கெட்டித்தன்மையும் ஷோர் ஏ என்ற அளவுகோலில் சொல்லப்படுகிறது. எஞ்சின் மவுண்டிங்குக்கான ரப்பர் பொதுவாக 45 முதல் 65 வரை இருக்கும். சந்தையில் கிடைக்கும் பாலியூரித்தேன் மவுண்டிங்குகள் 70 முதல் 95 வரை இருக்கும். 60க்கும் 80க்கும் உள்ள வித்தியாசம் மூன்றில் ஒரு பங்கு என்று எண் சொல்வதுபோல் தோன்றுகிறது, உண்மை அப்படியில்லை. அதே வடிவத்தில் வார்க்கப்பட்டால் 80 ஷோர் ஏ உள்ள பொருள், 60 உள்ளதைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு விறைப்பானது. 90 என்றால் ஐந்து மடங்கையும் தாண்டிவிடும். எண்ணின் கடைசிப் பத்து, முதல் பத்தைவிட மிகவும் கனமானது.

ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சின் ஒரு ஸ்பிரிங்கின்மேல் வைத்த எடையைப் போன்றது. அதற்கென்று ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. தன் எடையால் அது எத்தனை மில்லிமீட்டர் அமிழ்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 15.8ஐ வகுத்தால் மேலும் கீழுமான அந்த அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். இரண்டரை மில்லிமீட்டர் அமிழ்ந்தால் 10 ஹெர்ட்ஸ். ஒரு மில்லிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். எஞ்சின் தரும் அதிர்வு, இந்த இயல்பான அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் அதிர்வைக் குறைக்கத் தொடங்கும். அதற்குக் கீழே மவுண்டிங் அதிர்வைப் பெருக்கும்.

நான்கு ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 750 சுற்றில் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலை) இருந்தால், நொடிக்கு 12.5 சுற்று, ஆகவே 25 ஹெர்ட்ஸ் அதிர்வு. 10 ஹெர்ட்ஸ் உள்ள ரப்பர் மவுண்டிங் இதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே சேஸிஸுக்கு விடும். இரண்டரை மடங்கு விறைப்பான 80 ஷோர் ஏ பாலியூரித்தேனைப் போட்டால் இயல்பான அதிர்வெண் 16 ஹெர்ட்ஸாக ஏறி, பத்தில் ஏழு பங்கு கடந்து வந்துவிடும். 90 ஷோர் ஏ போட்டால் அது 24 ஹெர்ட்ஸை நெருங்கும். எஞ்சினின் 25 ஹெர்ட்ஸோடு கைகோத்து ஒத்ததிர்வு ஏற்படும். டேஷ்போர்டு கடகடப்பதும் கண்ணாடியில் பின்னால் வருபவரின் முகம் இரண்டாகத் தெரிவதும் இதனால்தான். ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தொட்டவுடன் நடுக்கம் மறைந்துபோவதும் இதே கணக்கின்படிதான். 2,500 சுற்றில் அதிர்வு 83 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுவதால் இரண்டு பொருளும் அதை நன்றாகவே தடுத்துவிடுகின்றன. இது தணிப்பைக் கணக்கில் எடுக்காத எளிய கணக்கு. உண்மை எண்கள் சற்று மாறினாலும் போக்கு மாறாது.

மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு இது இன்னும் கடுமையானது. அது 800 சுற்றில் ஐடிலிங் செய்யும்போது 20 ஹெர்ட்ஸ்தான் வருகிறது. 16 ஹெர்ட்ஸ் மவுண்டிங் அதைக் குறைப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடும். ஆறு சிலிண்டர் எஞ்சினோ 700 சுற்றிலேயே 35 ஹெர்ட்ஸ் தருவதால், அதே பாலியூரித்தேன் மவுண்டிங்கில் கால் பங்கு அளவே கடந்து வரும். "எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே, சுகமாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய வாகனத்தில் எத்தனை சிலிண்டர் என்று முதலில் கேளுங்கள்.

அதாவது ரப்பருக்கும் பாலியூரித்தேனுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி வெறும் ஒன்றரை மில்லிமீட்டர் அமிழ்வில் அடங்கியிருக்கிறது. பொருளின் பெயரைவிட ஷோர் எண்ணும் வடிவமும் முக்கியம். 70 ஷோர் ஏ உள்ள மென்மையான பாலியூரித்தேனும் 65 உள்ள கெட்டியான ரப்பரும் நெருங்கிய உறவினர்கள். 70க்கும் 95க்கும் இடையே உள்ள தூரம் அதைவிடப் பலமடங்கு பெரியது.

நான்காம் படி: சேஸிஸ் முறுகுவதையும் கியர்பாக்ஸ் மவுண்டிங்கையும் சேர்த்து யோசியுங்கள்

ஒரு முன் சக்கரம் பள்ளத்திலும் எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரம் மேட்டிலும் நிற்கும்போது ஏணி வடிவச் சேஸிஸ் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு முறுகும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்த உடல் முறுகாது. முன்னால் இரண்டு, பின்னால் நடுவில் ஒன்று என்று மூன்று புள்ளிகளில் உட்கார்ந்திருந்தால், மூன்று கால் முக்காலி சமமற்ற தரையிலும் ஆடாமல் நிற்பதுபோல், சேஸிஸ் முறுகினாலும் எஞ்சின் உடலில் பெரிய விசை ஏறாது. நான்கு புள்ளிகளில் உட்கார்ந்திருந்தால், முறுக்கை ஏதாவதொரு மவுண்டிங் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான்கும் 90 ஷோர் ஏ ஆக இருந்தால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பிராக்கெட்டின் வெல்டிங்கோ, கியர்பாக்ஸின் அலுமினியக் காதோ விரிசல் விடும். மவுண்டிங் விலைக்கும் கியர்பாக்ஸ் கூட்டின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துப் பார்த்தால், எது உடைய வேண்டும் என்பதில் சந்தேகமே வராது. ஆகவே நான்கு புள்ளி அமைப்பில் ரப்பரையே பரிந்துரைக்கிறேன்.

இதையொட்டி இன்னொரு தவறும் நடக்கிறது. எஞ்சின் மவுண்டிங்கைக் கழற்றுவது கடினம், கியர்பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றுவது எளிது என்பதற்காகப் பின்னால் மட்டும் பாலியூரித்தேனோ திட இரும்போ போட்டுவிட்டு, முன்னால் பழைய ரப்பரை விட்டுவிடுகிறார்கள். முன்பக்கம் உருளும், பின்பக்கம் பிடித்து நிறுத்தும். இடையில் உள்ள கியர்பாக்ஸின் பின் கூடு முழு முறுக்கையும் வாங்கும். முன்னால் சற்றுக் கெட்டியாகவும் பின்னால் சற்று மென்மையாகவும் இருக்கலாம். ஒருபோதும் தலைகீழாக இருக்கக் கூடாது.

குறுக்குவாக்கில் எஞ்சின் வைத்த வாகனங்களில் உருள்வது முன்பின்னாக நடக்கிறது. எடையைத் தாங்கும் மவுண்டிங்குகள் வேறு, உருளாமல் பிடிக்கும் சிறிய இணைப்புத் தண்டு வேறு. அங்கே எடை தாங்குவதை ரப்பராகவே விட்டுவிட்டு, இணைப்புத் தண்டின் புஷ்ஷை மட்டும் மிதமான பாலியூரித்தேனாக மாற்றுவது பெரும்பாலும் போதும்.

ஐந்தாம் படி: எண்ணெய், நீர், வெப்பம் எது உங்கள் எதிரி என்று பாருங்கள்

இயற்கை ரப்பர் கிழியாமல் நீண்டு கொடுப்பதிலும், கோடிக்கணக்கான சிறு அசைவுகளுக்குப் பிறகும் சோர்ந்துபோகாமல் இருப்பதிலும், கடுங்குளிரில் விறைக்காமல் இருப்பதிலும் சிறந்தது. ஆனால் எஞ்சின் ஆயிலும் டீசலும் அதற்கு ஆகாது. அவை ஊறிய ரப்பர் பருத்து, மிருதுவாகி, விரலால் கிள்ளினால் பிய்ந்து வரும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பெட் கவரிலிருந்து ஆயில் வழிந்து மவுண்டிங்கின்மேல் சொட்டும் எஞ்சினில், கசிவை நிறுத்தாமல் புதிய ரப்பர் போடுவது வீண்செலவு. பாலியூரித்தேன் எண்ணெயைத் தாங்கும். பிரேக் ஃபுளூயிட் விஷயத்தில் நிலை தலைகீழாகிறது: கிளைக்கால் சார்ந்த பிரேக் ஃபுளூயிடை ரப்பர் பொறுத்துக்கொள்ளும், பாலியூரித்தேன் பொறுத்துக்கொள்ளாது. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் கசியும் வாகனத்தில் இதைக் கவனியுங்கள்.

பாலியூரித்தேன் என்பது ஒற்றைப் பொருளும் அன்று. ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டறிந்த வேதிவினையிலிருந்து பெருகிய ஒரு பெரிய குடும்பம் அது. எலாஸ்டோமர்களில், அதாவது ரப்பர்போல் நீண்டு மீளும் வகைகளில், அதற்கு இரண்டு முக்கியக் கிளைகள் உண்டு: பாலியெஸ்டர் வகை, பாலியீதர் வகை. பாலியெஸ்டர் வகை எண்ணெயையும் உரசலையும் நன்கு தாங்கினாலும், சூடான ஈரத்தில் வேதிமுறையில் சிதைந்து, காலப்போக்கில் பொடியும். பாலியீதர் வகைக்கு நீரால் அந்தக் கேடு மிகக் குறைவு. ஆறு கடந்து, சேறு அப்பிய நிலையிலேயே சூடான எஞ்சினோடு நிற்கும் வாகனத்துக்குப் பாலியீதர் வகையே பொருந்தும். விற்பவர் எந்த வகை என்று சொல்ல முடியாவிட்டால் அதை வாங்காமல் விடுவதே நல்லது.

வெப்பத்தில் இரண்டுமே பலவீனமானவை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அருகில் மவுண்டிங் இருந்தால், எந்தப் பொருளாக இருந்தாலும் தகட்டு மறைப்பு கட்டாயம். மெதுவாக ஏறும் வாகனத்தில் காற்றோட்டம் குறைவு என்பதால், சாலையில் பிரச்சினை இல்லாத மவுண்டிங்கும் இங்கே வெந்துபோகும்.

ஆறாம் படி: முடிவெடுங்கள்

அளவுகள் எல்லாம் கையில் இருந்தால் முடிவு தானாகவே வரும். தினமும் சாலையில் ஓட்டி, மாதத்தில் ஓரிரு நாள் காட்டுப் பாதைக்குப் போகும் வாகனம், மூன்று அல்லது நான்கு சிலிண்டர், எங்கும் இடிக்கவில்லை என்றால், வாகனத் தயாரிப்பாளரின் தரத்தில் புதிய ரப்பர் மவுண்டிங்கே சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இடது பக்கம் மட்டும் அடிக்கடி கிழிகிறது என்றால்கூட, பாலியூரித்தேனுக்கு முன்பு யோசிக்க வேண்டியது எழும்பலைக் கட்டுப்படுத்தும் வழியைத்தான். எஞ்சின் பிராக்கெட்டிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சிறு சங்கிலியை, ஐடிலிங்கில் சில மில்லிமீட்டர் தொய்வோடு போல்ட் செய்யும் பழைய முறை இன்றும் நன்றாகவே பலிக்கிறது. சாதாரண ஓட்டத்தில் சங்கிலி தளர்ந்திருப்பதால் அதிர்வு கடத்தப்படுவதில்லை. லோ ரேஞ்சில் எஞ்சின் எழும்பும்போது மட்டும் அது இறுகி ரப்பரைக் காப்பாற்றுகிறது. ரப்பர் கிழிந்தாலும் இரும்புக் கூட்டை விட்டு எஞ்சின் வெளியேற முடியாதபடி பூட்டப்பட்ட ரப்பர் மவுண்டிங்குகளும் உண்டு. கிடைத்தால் அவற்றுக்கே முதலிடம் கொடுங்கள்.

பாலியூரித்தேனுக்கு உண்மையான தேவை எழும் இடங்கள் சில உண்டு. மூலத்தில் இருந்ததைவிட அதிக முறுக்குவிசை தரும் எஞ்சினை மாற்றிப் பொருத்தியிருக்கலாம்; டிரான்ஸ்ஃபர் கேஸில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட விகிதம் போட்டிருக்கலாம்; இடநெருக்கடியால் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளியே கிடைத்திருக்கலாம்; ஆயில் கசிவைத் தவிர்க்க முடியாத பழைய எஞ்சினாக இருக்கலாம். அப்போதும் 70 முதல் 75 ஷோர் ஏ வரை மட்டுமே போவேன். 80ஐத் தாண்டுவது போட்டிக்கென்றே வைத்திருக்கும் வாகனத்துக்குத்தான். நீண்ட தூரம் ஓட்டுபவர் அந்த நடுக்கத்தால் களைத்துப்போவார், களைத்த ஓட்டுநர் பாறையில் தவறு செய்வார்.

ஏழாம் படி: வாங்கும்போது

ஷோர் எண் அச்சிடப்படாத பாலியூரித்தேனை வாங்காதீர்கள். நிறம் கெட்டித்தன்மையைச் சொல்லாது. சிவப்பும் மஞ்சளும் கறுப்பும் ஒவ்வொரு தயாரிப்பாளரிடமும் ஒவ்வொரு பொருள் தரும். ரப்பர் என்றால், இரும்போடு சேரும் விளிம்பில் நகத்தால் நெம்பிப் பாருங்கள். துளியும் எழும்பக் கூடாது. தயாரித்த தேதியைப் பாருங்கள், பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ரப்பர் புதியது ஆகாது. புதியதன் உயரத்தைப் பழையதன் அசல் உயரத்தோடு ஒப்பிடுங்கள்: அமிழாத பாலியூரித்தேன் அதே உயரத்தில் இருந்தால் எஞ்சின் முன்பைவிட மேலே நிற்கும், புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் ஃபேனின் மையமும் மாறும்.

எட்டாம் படி: பொருத்துதல்

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். எஞ்சினைத் தூக்குமுன் ஃபேன் உறையை அவிழ்த்து, ரேடியேட்டர் குழாய்கள், ஆக்சிலரேட்டர் கேபிள், எக்ஸாஸ்டின் முன் இணைப்பு ஆகியவை இழுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கையை விடாதீர்கள். ஸ்டாண்டோ, மேலிருந்து எஞ்சினைத் தொங்கவிடும் குறுக்குக் கம்பியோ கட்டாயம் வேண்டும். பிராக்கெட்டில் வெல்டிங் வேலை இருந்தால் மவுண்டிங்கைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஏனெனில் ரப்பரையும் இரும்பையும் பிணைக்கும் பசை அந்த வெப்பத்தில் செத்துவிடும்.

எல்லாப் போல்ட்டுகளையும் கையால் மட்டும் திருகி, எஞ்சினின் முழு எடையையும் மவுண்டிங்கில் இறக்கிய பிறகு, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணைத்து, அதன்பின் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு இறுக்குங்கள். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுகிய நிலையிலேயே பூட்டப்பட்டு, ஓய்விலும் இழுபட்டுக்கொண்டிருக்கும். ஸ்லீவ் உள்ள பாலியூரித்தேன் புஷ் என்றால் ஸ்லீவின்மேல் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் கூடாது. நுழையவில்லை என்றால் சோப்பு நீர் போதும். பூட்டு நட்டுகள் எப்போதும் புதியவையாக இருக்கட்டும்.

எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குச் செல்லும் எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். மவுண்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சின் அதிகமாக ஆடிய வாகனத்தில் இந்த வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கிளட்ச் கேபிள் போன்ற மெல்லிய உலோகங்கள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சுட்டுவிடும்.

ஒன்பதாம் படி: முதல் ஆயிரம் கிலோமீட்டர்

இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மேலும் போல்ட்டின்மேலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும், முதல் கடினமான பயணம் முடிந்ததும் அந்தக் கோடுகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பாலியூரித்தேன் போட்டிருந்தால் பிராக்கெட்டின் வெல்டிங் விளிம்புகளையும் துடைத்துப் பாருங்கள். பெயிண்டில் மயிரிழைபோல் துருக்கோடு தெரிந்தால், அங்கே விரிசல் தொடங்கிவிட்டது.

பிறகு மார்க்கர் பேனாவையும் புதிய அட்டையையும் கட்டி, இரண்டாம் படியில் செய்த அதே சோதனையை மறுபடி செய்து, தேதியிட்ட பழைய அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள். கோடு குறுகி இரு பக்கமும் சமமாகியிருந்தால் வேலை முடிந்தது. மவுண்டிங் புதிதாக இருந்தும் கோடு பழைய நீளத்திலேயே இருந்தால், ஆடுவது மவுண்டிங் அன்று; சேஸிஸோடு பற்றவைக்கப்பட்ட பிராக்கெட்டையோ, பிளாக்கில் ஏறும் போல்ட்டின் மரையையோ பார்க்க வேண்டும்.